திட்டாத மானேசர்

அவர் ஒரு நாளும் யாரையும் திட்டியதில்லை. எனக்கு அவர்மேல் முதல் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

திட்டுகிற அதிகாரி என்றால் நமக்கு ஒரு நிம்மதி உண்டு. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பார், எதில் உச்சத்துக்குப் போவார், எப்போது வெற்றிலையைத் துப்பிவிட்டு அடங்குவார் என்பதெல்லாம் பழகிப்போய்விடும். தலையைக் குனிந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். இந்த மனுஷன் அப்படியில்லை. ஓடுகிற பெல்ட்டை அறுத்துவிட்டு வந்து நின்றாலும், "சொன்னீங்களே, அது போதும். வாங்க, போய்ப் பாப்போம்" என்று எழுந்து நம் கூடவே நடப்பார். அப்படி அவர் பக்கத்தில் நடந்துவருகிறபோது எனக்குள் ஒரே கேள்விதான் ஓடும். இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் சும்மா இருப்பானா?

தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மண்டபத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஐஸ் பாக்டரி. இறாலுக்கும் பெரிய மீனுக்கும் வெளியூர் யாவாரிகள் வந்து விலை கேட்க அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். ஐஸ் கிடைத்தால் மீன் மதுரைக்குப் போகும், கிடைக்காவிட்டால் கருவாடாகிக் கரையிலேயே கிடக்கும். முதலாளி மதுரைக்காரர். எப்போதாவது காரில் வந்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். நான் அங்கே மிஷின் டிரைவர். அமோனியாவை அமுக்கிக் குழாய்களில் ஓட்டுகிற பெரிய கம்ப்ரசரை மதியத்திலிருந்து இரவுக்காரன் வரும்வரை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை முறை காதர் மாமாவுடையது. புதுமடத்துக்காரர், என்னைவிட மூத்தவர். எனக்கு உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளி ஒரு விவசாயக் கிராமம். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. அவர் என்னை மாப்ள என்பார், நான் மாமா என்பேன், எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான்.

இவருக்கு முந்தி இருந்த மானேசர் காலத்தில், சீனி என்ற ஆள், ஐஸ் பெட்டிகள் முங்கிக் கிடக்கிற உப்புத் தண்ணித் தொட்டியில் கீறல் விட்டிருக்கிறது என்று போய்ச் சொன்னான். "நீதானலே கண்டே? அப்ப நீதான் இடிச்சிருப்பே" என்று அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பாக்டரியில் யாருக்கும் கண் தெரியவில்லை. பழுதைப் பார்த்தவன் தலையில்தான் பழுது விழும் என்று ஆகிவிட்டதால், பார்த்தவனெல்லாம் பார்க்காதவன் போல அடுத்த முறைக்காரனிடம் தள்ளிவிட்டான். முறை மாறும்போது எங்களுக்குள் இருந்த ஒரே பேச்சு, "எல்லாம் நல்லாருக்கு."

கம்ப்ரசர் தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கும். காதர் மாமா எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் நல்லாருக்கு மாப்ள" என்பார். நானும் "சரி மாமா" என்பேன். எது நல்லா இல்லை என்பதை நானே தடவித் தடவிக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் எதையாவது வைத்துக் கட்டி ஒப்பேற்றி, இரவுக்காரனிடம் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

புதியவர் வந்த முதல் நாள், முறை மாறுகிற நேரம் பார்த்து உள்ளே வந்தார். அரைக்கை வெள்ளைச் சட்டை. இடது கண்ணில் பால் படர்ந்த மாதிரி ஒரு வெண்மை. யார் என்ன என்று கேட்கவில்லை.

"என்ன சரியில்ல?" என்றார்.

"எல்லாம் நல்லாருக்கு சார்" என்றார் காதர் மாமா.

போய்விடுவார் என்று பார்த்தோம். ஐஸ் பாளம் உறைய வைக்கிற நீளத் தகரப் பெட்டி ஒன்று ஓரத்தில் கிடந்தது. அதை இழுத்துச் சாய்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் நிற்கிறோம், மானேசர் கீழே உட்கார்ந்து எங்களை அண்ணாந்து பார்க்கிறார். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவரே சொன்னார். "நான் காலையில ஒரு தப்புப் பண்ணிட்டேன். தண்ணி வால்வு எந்தப் பக்கம் தொறக்கும்னு தெரியாம எதிர்ப்பக்கம் திருப்பிட்டேன். பம்பு கொஞ்ச நேரம் சும்மா ஓடிச்சு. அதுல வாஷர் போயிருக்கலாம், பாத்துக்கங்க."

எழுந்து போய்விட்டார். மாமாவும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"மாப்ள, இந்த ஆளு எதுக்குடா நம்மகிட்ட வந்து இதச் சொல்றாரு?" என்றார் மாமா.

"அதான் மாமா எனக்கும் விளங்கலை. அவரு ஒண்ணச் சொன்னா நாம ஒண்ணச் சொல்லணும்னு கணக்கு. நாம சொன்ன ஒடனே பிடிச்சுக்கிருவாரு" என்றேன்.

வீட்டில் வந்து சொன்னபோது என் சம்சாரம் மீனைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "ஒங்களுக்குக் கஞ்சியில உப்புச் சரியா இருந்தாக்கூடச் சந்தேகம்தான். இவ இன்னைக்கு ஏன் சரியாப் போட்டாங்குவீக" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. எனக்கு அது பிறவிக் குணம். ஆனால் இந்த விஷயத்தில் நான் மட்டும் தனியாள் இல்லை. பாக்டரி முழுக்க அதே பேச்சாகத்தான் இருந்தது.

அவர் பேச்சில் எந்த ஊர் வாடையும் அடிக்கவில்லை. ரங்கூனில் ஐஸ் பாக்டரியில் இருந்தார், ஜப்பான் சண்டைக்குப் பிறகு வந்துவிட்டார் என்றார்கள். இல்லை, முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம், எங்கள் வாயைப் பிடுங்குவதற்காகவே அனுப்பியிருக்கிறார் என்றும் சொன்னார்கள். சங்கம் கிங்கம் ஆரம்பிக்கப்போகிறவன் யார் என்று மோப்பம் பிடிக்க வந்தவர் என்றான் ஒருத்தன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார். சம்சாரம் உண்டு என்று சொன்னார்கள், நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த வீட்டுக் கதவு எப்போது போனாலும் சாத்தியே இருக்கும். எங்களையெல்லாம் நீங்க, வாங்க என்பார். ஐஸ் பாளம் கரையாமலிருக்கக் கொட்டுகிற உமியை அள்ளும் பேச்சியைக்கூட அம்மா என்பார். தன் தப்புகளைத் தினமும் எடுத்து எங்களுக்கு முன்னால் வைப்பார். ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வாயைத் திறக்க மாட்டார். இது போதாதா எனக்கு?

தினமும் முறை மாறும்போது வந்தார். தினமும் "என்ன சரியில்ல?" என்றார். எல்லாம் நல்லாருக்கு என்றால் பெட்டியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்திருக்கிறவரை காலை ஆட்கள் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பொறுத்துப் பார்த்துவிட்டு நாங்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆளுக்கு ஒரு நாளாக, முறை வைத்து, ஒன்றுக்கும் ஆகாத ஒரு குறையைச் சொல்லிவிடுவது. அவரும் எழுந்து போவார், நமக்கும் ஒன்றும் வராது.

வாளிக்குப் பிடி இல்லை என்றான் ஒருத்தன். "சொன்னீங்களே, அது போதும். வாங்க, போய்ப் பாப்போம்" என்று அவனோடு போய் வாளியைப் பார்த்தார். மறுநாள் வாளிக்குப் பிடி வந்திருந்தது. டீ கழனித் தண்ணி மாதிரி இருக்கிறது என்றார் காதர் மாமா. அந்த வாரமே தேயிலையை மாற்றிவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொருத்தன், "சார், ஒங்க செருப்புச் சத்தம் கேட்டா எங்களுக்குப் பதக்குங்குது" என்றான். அவர் கொஞ்சம் யோசித்தார். அடுத்த நாளிலிருந்து செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அந்த உப்பு ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து வந்தார். சொன்னவனுக்கு முகம் செத்துப்போயிற்று.

எங்களுக்கு இன்னும் பயம் கூடியது. இவ்வளவு செய்கிறவர் கடைசியில் எதையோ பெரிதாகக் கேட்கப்போகிறார் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு நாள் பேச்சி நேராகவே கேட்டுவிட்டாள். உமிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அய்யா, நீங்க இங்கன வந்து உக்காந்தா எங்களுக்கு வேல ஓடல. பழைய மானேசரு மாதிரி நீங்களும் ரெண்டு திட்டு திட்டிட்டுப் போனா நாங்க நிம்மதியாப் பொழப்பப் பாப்போம்" என்றாள்.

அவர் சிரித்தார். "இத்தனை நாள்ல நெசமாச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்மா" என்றார். அப்படியானால் எங்கள் வாளியும் டீயும் செருப்பும் பொய் என்று அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்தும் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நடந்திருக்கிறார். எதற்காக என்று எனக்கு மண்டை காய்ந்தது.

சரி, நாமே ஒரு தூண்டில் போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஒரு நாள் அவர் தனியாக இருக்கும்போது போய், "சார், நேத்து மிஷின் பக்கத்துல உக்காந்தவாக்குல கொஞ்சம் அசந்துட்டேன்" என்றேன். அசரவெல்லாம் இல்லை, சும்மா சொன்னது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்க வேண்டும், அது முதலாளி காதுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒடம்புக்கு முடியலையா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் மிஷின் ரூமுக்குக் கடல் காற்று வருகிற பக்கம் ஒரு ஜன்னலை இடித்துத் திறக்க ஆள் வந்தான்.

அந்த வாரமே முதலாளியின் கார் வந்தது. கைக்குட்டையோடு உள்ளே வந்தவர் என் பக்கத்தில் நின்று, "என்னடா, எல்லாரும் முழிச்சிருக்கீங்களா, தூங்குறீங்களா?" என்றார். பார்த்தீகளா, சொல்லிட்டாரு, என்று மாமாவிடம் பொருமினேன். மாமா சிரித்தார். "அடப் போ மாப்ள, மொதலாளி கார்ல வந்து எறங்குறப்பல்லாம் எல்லா எடத்துலயும் இதத்தான் கேக்குறாரு. ஒப்பனாணை, என்னையும் கேட்டாரு" என்றார். யோசித்தால் அதுவும் நிஜம்தான். இருந்தாலும் என் சந்தேகம் சந்தேகமாகவே நின்றது.

பிறகுதான் அந்த வால்வு விஷயம் வந்தது.

கேஸ் போகிற வால்வின் தண்டு வெளியே வருகிற கழுத்தில், கசியாமல் இருப்பதற்காக ஒரு கயிற்றைச் சுற்றித் திணித்து இறுக்குவோம். பேக்கிங் என்போம். மசகும் கரியும் ஏறிய, அதற்கென்றே வருகிற கயிறு. அது தீர்ந்துபோய் நாளாகியிருந்தது. கேட்டால் எவன் தீர்த்தான் என்று வரும், அதனால் பழைய வழக்கப்படி யாரும் கேட்கவில்லை. அன்று மதியம் நான் உள்ளே நுழைந்ததும் மூக்கில் சுள்ளென்று ஏறியது. காதர் மாமா கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "எல்லாம் நல்லாருக்கு மாப்ள" என்றார்.

நான் கந்தகக் குச்சியைப் பற்றவைத்து வால்வுகள் பக்கம் கொண்டுபோனேன். கேஸ் கசிகிற இடத்தில் அந்தப் புகை வெள்ளையாகத் திரளும். பெரிய வால்வின் கழுத்தில் திரண்டது. குனிந்து பார்த்தேன். கழுத்தில் இருந்தது பேக்கிங் இல்லை, பஞ்சுத் திரியும் குங்கிலியமும். மாமாவின் வாப்பா தோணி கட்டுகிறவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணி ஏறாமல் எண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார்கள், கலப்பத்து அடிப்பது என்பார்கள். மாமா வால்வுக்குக் கலப்பத்து அடித்திருந்தார்.

"மாமா, இது என்ன தோணியா?" என்றேன். "குளுருல குங்கிலியம் வெடிச்சுப் போகும். மொத்தமா விட்டுச்சுன்னா இங்கன நிக்கிறவன் கண்ணு போகும், நெஞ்சுல ஏறுனா ஆளே போயிருவான்."

அவர் அப்படியே சுவரோரம் குந்திவிட்டார். "கடல் தண்ணிக்கே நிக்கிது, இதுக்கு நிக்காதான்னு நெனச்சுட்டேன் மாப்ள. மூணு நாளைக்கு முன்ன கசிஞ்சப்ப அடச்சேன், நின்னுச்சு, இன்னைக்குத் திரும்பக் கசியுது. யார்ட்ட சொல்ல? நீ போய்ச் சொன்னா நான் போனேன். நான் போய்ச் சொன்னாலும் நான்தான் போனேன். வீட்டுல கல்யாணத்துக்கு ரெண்டு கொமரு நிக்கிது" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியும் மற்றவர்களும் உமி கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்துப் பேசுவது கேட்டது. முறை முடிந்து நான் இரவுக்காரனிடம் எல்லாம் நல்லாருக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவன் செத்தாலும் சாவான். சொல்லாவிட்டால் மாமா குடும்பம் தெருவில் நிற்கும். எனக்கு அவரை அடிக்கலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று இருந்தது.

அப்போது வெறுங்காலோடு அவர் உள்ளே வந்தார்.

"என்ன சரியில்ல?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அணைந்த கந்தகக் குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் வழக்கம்போலப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேஸ் வாடை அவர் மூக்குக்கும் எட்டியிருக்கும், ஆனால் மூக்கைச் சுளிக்கவில்லை, எழுந்து தேடவும் இல்லை. மாமாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்" என்றார் காதர் மாமா.

முழுவதையும் சொன்னார். பஞ்சு, குங்கிலியம், மூன்று நாள், எல்லாம். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்காகத்தான் இத்தனை நாள் இந்த ஆள் காத்திருந்தார், இப்போது பிடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சொன்னீங்களே காதர் பாய், அது போதும்" என்றார் அவர். "ரங்கூன்ல ஒருத்தன் சொல்லல" என்றார். அந்த வெள்ளைக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒருத்தன் வேறு ஆளா, அவரேதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "வாங்க, போய்ப் பாப்போம்."

உமிக்காரப் பெண்களை வெளியே அனுப்பினார். மிஷினை நிறுத்தச் சொன்னார். கேஸை வடித்துவிட்டு வால்வைத் திறந்தபோது மாமாவின் கலப்பத்து காரைக்கட்டி மாதிரி பொடிப்பொடியாகக் கையில் உதிர்ந்தது. இன்னும் ஒரு நாள் தாங்கியிருக்காது. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அல்லா, அல்லா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேக்கிங் மதுரையிலிருந்து ரயிலில் வர வேண்டும். அதுவரை ஐஸ் கிடையாது. கரையில் வலை நிறைய மீன் இறங்கிக்கொண்டிருந்தது. யாவாரிகள் வாசல் கேட்டுக்கு வந்து கத்தினார்கள். அவர் கேட்டில் தனியாக நின்று, "மிஷின் சரியில்ல. நிறுத்துனது நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் அவருடைய அம்மாவரை இழுத்துப் பேசினார்கள். அதையும் பெட்டியில் உட்கார்ந்து கேட்கிறவர் மாதிரியே கேட்டார்.

நடந்ததை முதலாளிக்கு அவரே போன் பண்ணிச் சொல்லியிருந்தார். பேக்கிங்குக்குப் பதிலாக வேறு எதையோ வைத்து அடைத்திருந்தது என்பதுவரை சொன்னார், அடைத்த ஆளை மட்டும் சொல்லவில்லை. கார் கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும் எங்களைக் கூப்பிட்டு, "முதலாளி வந்து கேட்டா யாரும் வாயைத் திறக்க வேண்டாம்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "தெனமும் சொல்லு சொல்லுன்னீங்க, இன்னைக்குச் சொல்லாதேங்கிறீங்களே சார்" என்றேன்.

"எங்கிட்ட சொன்னா வால்வைச் சரி பண்ணலாம். அவர்கிட்ட சொன்னா ஆளை அனுப்புறதோட முடிஞ்சு போகும்" என்றார்.

முதலாளி வந்தார். அன்றைக்குக் கைக்குட்டையை எடுக்கவே மறந்துவிட்டார். எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டார். "யாரு அந்த வேலையைப் பார்த்தது?"

"எனக்குத் தெரியும். ஆனா சொல்றதுக்கில்ல" என்றார் அவர்.

"எங்கிட்டயே சொல்லமாட்டியா?"

"சொன்னேன்னா நாளைக்கு எங்கிட்ட யாரும் சொல்லமாட்டாங்க. அப்புறம் மிஷினு வெடிச்ச பெறகுதான் நமக்கு வெவரம் தெரியும்."

"அப்படின்னா ஒண்ணாந் தேதி வேற மானேசர் வருவான்" என்றார் முதலாளி. காதர் மாமா துண்டை இழுத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். மானேசர் அவரைப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டார். கார் போய்விட்டது.

அன்று சாயங்காலமே மாமா, மதுரைக்கு ரயிலேறிப் போய் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் அழுதார். "சொல்ல வேண்டிய எடத்துல சொல்லியாச்சு காதர் பாய். வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். இவ்வளவு ஆன பிறகும் என் புத்தி போகுமா? வேலை போகிறதென்றால் எவனுக்கு இப்படி ஒரு தைரியம் வரும், எங்கேயோ பெரிய கம்பெனியில் இடம் பிடித்து வைத்திருக்கிறார், அதனால்தான் முதலாளியிடம் விறைப்பாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். என் சம்சாரத்திடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ஒருத்தரை நல்லவருன்னு சொன்னா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது" என்றாள்.

கடைசி நாள் மதியமும் முறை மாறுகிற நேரத்துக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டை. "என்ன சரியில்ல?" என்று கேட்டார். பம்பில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்கிறது என்றார் காதர் மாமா. அந்த நாட்களில் நாங்கள் நிஜக் குறைகளைச் சொல்லப் பழகியிருந்தோம். மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். ஒரு போல்ட் தளர்ந்திருந்தது, முடுக்கினோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் வரேன்" என்று திரும்பினார்.

எனக்கு என்ன தோன்றியதோ. "சார், ஒங்களுக்கு என்ன சரியில்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நின்றார். "எல்லாம் நல்லாருக்கு" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. அதைச் சொல்லியே அந்தப் பாக்டரியில் காலத்தை ஓட்டியவன் நான். அதற்கு உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஓரத்தில் கிடந்த தகரப் பெட்டியை இழுத்துச் சாய்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

அவர் நின்றுகொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பால் படர்ந்த கண்ணில் எதையும் படிக்க முடியவில்லை, மற்றக் கண் கலங்கியிருந்தது. புதிதாக வைத்த ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"வேலை போனதை வீட்டுல இன்னும் சொல்லல" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வேற எடம் எதுவும் கெடைக்கல. இதை எப்படி அவகிட்டச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவர்மேல் பாசமாக இருந்தது. மாமாவைப் பார்த்தேன்.

"நான் மிஷினப் பாத்துக்கிறேன் மாப்ள. நீ அவருகூடப் போ" என்றார் காதர் மாமா.

நான் பெட்டியை விட்டு எழுந்தேன்.

"சொன்னீகளே சார், அது போதும்" என்றேன். "வாங்க, போய்ப் பாப்போம்."